பச்சை வலை கட்டினால் தூசி அடங்காது



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்திலேயே தெரியும். அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பம் பள்ளத்தாக்கிலும் தேனியைச் சுற்றியும் உள்ள கிரஷர்களில், எம்-சாண்ட் யார்டுகளில், ஜல்லியும் டஸ்ட்டும் மலைபோல் திறந்த வெளியில் கிடக்கின்றன. அந்தக் குவியல்களுக்குக் காற்று வரும் பக்கத்தில் முறையான காற்றுத் தடுப்பு வேலி போட வேண்டும். வைகாசிக் காற்று தொடங்குவதற்கு முன்னால் போட வேண்டும். ரோட்டோரம் பேருக்குக் கட்டித் தொங்கும் பச்சை வலை கணக்கில் வராது. இதை வரும் மே 1 கிராம சபையில் எழுந்து நின்று கேட்க வேண்டும். இவ்வளவுதான் சேதி. ஏன் என்பதுதான் மீதிப் பதிவு.

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். அம்மியே பறக்கும் என்றால் அம்மிக் கல்லை இடித்த தூள் என்ன செய்யும்? இந்தக் கேள்வியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் பதில் வரும். பெரியவர்களிடம் கேட்டால் "அதெல்லாம் பெரிய இடம் சார், நமக்கெதுக்கு" என்று வருகிறது.

நம் ஊர்க் காற்று சாதாரணக் காற்று இல்லை. தமிழ்நாட்டில் காற்றாலைக்கு ஏற்ற கணவாய்கள் என்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கைச் சொல்வார்கள். அந்த நான்காவது நம்முடையது. தென்மேற்குப் பருவத்தில் மலை இடுக்கு வழியே நெருக்கிப் பிடித்து வருகிற காற்று அது. ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சாட்சி. கோடிக்கணக்கில் முதலீடு போட்டு, இங்கே காற்று அடிக்கும் என்று நம்பி ஒரு தொழில் நடக்கிறது. அதே காற்றுப் பாதையில், காற்றே அடிக்காதது போல் டஸ்ட்டைத் திறந்து கொட்டி இன்னொரு தொழிலும் நடக்கிறது. இரண்டும் ஒரே மாவட்டம்.

இனி கொஞ்சம் பாடம். ஓய்வு பெற்றாலும் பழக்கம் விடவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றாலையில் வேலை பார்க்கும் நம் பையன்களைக் கேளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள ஆற்றல் எட்டு மடங்கு. மூன்றாம் அடுக்குக் கணக்கு. மணலையும் தூளையும் நகர்த்தும் காற்றின் திறனும் ஏறக்குறைய இப்படித்தான் ஏறுகிறது. ரால்ப் பேக்னால்ட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் பாலைவனத்தில் அலைந்து, பிறகு காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, 1941-இல் இதைப் புத்தகமாகவே எழுதிவிட்டார். ஒரு குறிப்பிட்ட வேகம் வரை தூள் அசையாது. அதைத் தாண்டினால் மளமளவென்று கிளம்பும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குவியலின் மேல் படும் காற்றின் வேகத்தைப் பாதியாக்கினால், கிளம்பும் தூள் பாதியாகக் குறையாது, எட்டில் ஒரு பங்குக்கு இறங்கும். வேகம் அந்தக் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போய்விட்டால் அனேகமாக நின்றே போகும். காற்றை முழுக்க நிறுத்த வேண்டியதே இல்லை. பாதி போதும். வேலியின் வேலை அதுதான்.

சரி, பச்சை வலையும் வேலிதானே என்பீர்கள். இங்கேதான் நம் ஆட்கள் அடிப்படையிலேயே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வலை தூசியைச் சலித்துப் பிடிக்கும் என்று நினைக்கிறார்கள். வலையின் கண் மில்லிமீட்டர் கணக்கு. நுரையீரலுக்குள் போகும் தூசி மைக்ரான் கணக்கு, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கும் இருக்காது. கொசுவலையில் மைதா மாவு சலிக்க முடியுமா? வலை பிடிக்க வேண்டியது தூசியை இல்லை, காற்றை. எனவே அது நிற்க வேண்டிய இடம் குவியலுக்கு முன்னால், காற்று வந்து மோதும் பக்கம். நம்மூரில் அது மேற்கும் தென்மேற்கும். ஆனால் நீங்களே போய்ப் பாருங்கள், பெரும்பாலும் ரோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் வலை இருக்கும். அதிகாரி கார் போகும்போது கண்ணுக்குப் பச்சையாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். உயரம் ஆள் உயரம். குவியலோ மாடி வீட்டு உயரம். போன வருட ஆடியில் கிழிந்த வலை இந்த வருட ஆடி வரை அப்படியே கொடிபோல் ஆடிக்கொண்டிருக்கும்.

"அப்படியானால் வலையே வேண்டாம், தகரம் அடித்து முழுச் சுவராக மறைத்துவிடுகிறோம்" என்பது அடுத்த யோசனை. அதுவும் சரிப்படாது. முழுச் சுவரில் மோதிய காற்று மேலே ஏறிக் குதித்து, சுவருக்குப் பின்னால் சுழல் போடும். அந்தச் சுழல் குவியலின் தலையிலேயே வந்து விழுந்தால் தூசி இன்னும் அதிகமாகக் கிளம்பும். ஓட்டை உள்ள வேலியில் காற்றின் ஒரு பகுதி உள்ளே புகுந்து, வேகம் தணிந்து, பின்னால் ஒரு மெத்தைபோல் நிற்கும். மேலே தாவிய காற்று உடனே கீழே இறங்கிச் சுழல முடியாது. நிலக்கரிக் குவியல் மாதிரிகளை வைத்துச் செய்த காற்றுச் சுரங்கச் சோதனைகளில், பரப்பில் சுமார் 40 முதல் 50 சதவீதம் திறப்பு உள்ள வேலிகள் நல்ல பலன் தந்திருக்கின்றன. நல்ல வேலியின் பாதுகாப்பு அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரைகூட ஓரளவுக்குத் தெரியும். குவியலுக்கு அருகில் அதிகம், தூரம் போகப் போகக் குறையும்.

இது நமக்குப் புதிய அறிவா? வாழைத் தோப்பைச் சுற்றி அகத்தியும் சவுக்கும் நெருக்கி நட்டுக் காற்றை உடைப்பது எதற்கு? கொடிக்காலில் ஓரத்தில் தட்டி கட்டுவது எதற்கு? காம்பவுண்டுச் சுவர் எழுப்பி வாழையைக் காப்பாற்றலாம் என்று எந்தச் சம்சாரியும் நினைத்ததில்லை. இலையும் கிளையுமாகச் சந்து விட்டு நிற்கும் மரவேலிதான் காற்றை ஆற்றும் என்று அவருக்குத் தெரியும். வாழைக்குக் கொடுக்கிற அறிவை மனுசன் நெஞ்சுக்குக் கொடுக்க ஏன் யோசிக்கிறோம்?

இன்னொன்றும் நம் களத்திலேயே இருக்கிறது. நெல் தூற்றுவதைப் பார்த்திருக்கிறீர்கள். காற்று வாகு பார்த்து, முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி, மெல்லச் சரிப்போம். கனமான நெல் காலடியில் விழும், பதரும் தூசியும் பறந்து தள்ளி விழும். கிரஷரில் கன்வேயர் பெல்ட் நுனியிலிருந்து டஸ்ட் கீழே கொட்டுவது அச்சு அசலாக அதே தூற்றல்தான். ஒரே ஒரு வித்தியாசம். நாம் வருடத்தில் சில நாள் தூற்றுவோம், அவர்கள் தினமும் தூற்றுகிறார்கள். பறந்து போகும் பதர் யார் வீட்டு முற்றத்தில் விழுகிறது என்று பார்ப்பது யார் பொறுப்பு?

ஆற்று மணல் கிடைக்காமல் போனபின் எம்-சாண்ட்தான் கட்டுமானத்துக்கு வழி என்று ஆகிவிட்டது. அதை நான் எதிர்க்கவில்லை. வைகையைச் சுரண்டுவதைவிட மேல். ஆனால் எம்-சாண்ட் என்பது என்ன? கல்லை உடைத்து மணல் அளவுக்குப் பொடிப்பது. பொடித்தால் மணல் மட்டுமா வரும்? ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலையின்படி, உடைத்த கல் மணலில் 150 மைக்ரானுக்கும் சன்னமான தூள் 20 சதவீதம் வரை இருக்கலாம். தரமான சரக்கிலேயே ஐந்தில் ஒரு பங்கு தூளாக இருக்க அனுமதி உண்டு என்றால், ஒதுக்கித் தள்ளும் டஸ்ட் குவியலில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது. சுவாசிக்கும் அளவுள்ள சிலிக்காப் படிகத் தூசியை 1997-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. சிலிகோசிஸ் வந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். அதைப் பழைய நிலைக்குத் திருப்ப மருந்து கிடையாது. நம் சட்டப்படி அது அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். ராஜஸ்தானில் கல் உடைக்கும் தொழிலாளர்கள் இதில் விழுந்து விழுந்து, கடைசியில் அந்த மாநில அரசு 2019-இல் இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவர வேண்டியதாயிற்று. இங்கே என்ன நடக்கிறது? கிரஷரில் வேலை பார்த்து இருமிக்கொண்டு வருகிறவனிடம் "பீடியை விடு" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

பயிர்க் கதையும் உண்டு. நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தீர்கள், நானும் வைத்தேன். திராட்சைக் கொத்தின் மேல் இயல்பாகப் படிந்திருக்கும் அந்த வெண்பூச்சுதான் அதன் அழகு. அதற்கு மேல் சாம்பல் நிறத்தில் கல் தூசி ஒரு படலம் உட்கார்ந்தால் வியாபாரி என்ன விலை சொல்வார்? இலையில் தூசி படிந்தால் வெளிச்சம் குறையும், இலைத்துளை அடைபடும். ஏழாம் வகுப்பு ஒளிச்சேர்க்கைப் பாடம் இது. ஊர்ப் பெயரைக் குறியீடாக்கி வாங்கிவிட்டு, அந்த ஊர்க் காற்றைக் காப்பாற்றாமல் விட்டால் குறியீட்டைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

இப்போது என்னிடம் வழக்கமாகச் சொல்லப்படும் பதில்களுக்கு வருகிறேன்.

"தூசி இல்லாமல் தொழில் உண்டா சார்?" இல்லை. ஆனால் சட்டம் இல்லாமலும் தொழில் இல்லை. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் கல் உடைக்கும் ஆலைகளுக்கென்றே தனியாக எழுதியிருக்கிறது. இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால், காற்றில் மிதக்கும் தூசி ஒரு கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. தூசியை அடக்கும் அமைப்பு, காற்றை உடைக்கும் தடுப்பு, வளாகத்துக்குள் போட்ட சாலை, தரையை நனைத்துச் சுத்தம் செய்தல், சுற்றிலும் மரம் என்று எல்லாம் அந்த விதியிலேயே இருக்கிறது. காற்றுத் தடுப்பு நான் கற்பனையில் கேட்பது இல்லை. எழுதி வைத்த விதியை நடத்திக் காட்டு என்று கேட்கிறேன். நடத்துவதாக இருந்தால் சும்மா ஒரு சுவரை எழுப்பிக் கணக்குக் காட்டாமல், பலன் தரும் வடிவத்தில் நடத்து என்கிறேன்.

"தண்ணீர் அடிக்கிறோமே சார்." அடியுங்கள், வேண்டும். ஆனால் ஆடிக் காற்றும் வெயிலும் சேர்ந்தால் நனைத்த மேல்பரப்பு எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும்? லோடர் ஒரு அள்ளு அள்ளியதும் உள்ளே இருக்கும் காய்ந்த தூள் வெளியே வரும். ஒவ்வொரு முறை கிளறும்போதும் புதுத் தூள். அதை முழுக்கத் தண்ணீரிலேயே அடக்க வேண்டுமென்றால் எத்தனை லாரித் தண்ணீர் வேண்டும்? யார் போர்வெல்லிலிருந்து? காற்று வேலி இருந்தால் அதே தண்ணீர் அதிக நேரம் நிற்கும். வேலி தண்ணீரை மிச்சப்படுத்தும்.

"செலவு தாங்காது சார்." இதைச் சொன்னவன் என்னிடம் படித்தவன், இப்போது டிப்பர் வைத்து, யார்டு வைத்து நன்றாக இருக்கிறான். இருக்கட்டும், எனக்குச் சந்தோஷம்தான். தம்பி, உன் குவியலிலிருந்து பறந்து போவது நீ கல் வாங்கி, டீசல் ஊற்றி, கரண்டு கட்டி உடைத்த சரக்கு. அதைக் காற்றுக்கு இலவசமாகக் கொடுக்கிறாய். அந்தச் சரக்கு பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சில் இறங்கும் செலவை யாரோ ஆஸ்பத்திரியில் கட்டுகிறார்கள். உன் கணக்கு நோட்டில் அது ஏறவில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடுமா?

"கிரஷரையே மூடச் சொல்லுங்கள் சார், அதுதான் தீர்வு." இது எதிர்ப்பக்கத்துக் கோபம். விதியை மீறி ஊருக்குள் நடப்பதை மூடத்தான் வேண்டும், மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எல்லாவற்றையும் வேறு எங்காவது தள்ளிவிட்டால் முடிந்தது என்பதை நான் ஏற்கவில்லை. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் திறந்த வெளியில் கொட்டி, வடசென்னை மக்கள் வருடக்கணக்கில் கரித்தூசியில் வாழ்ந்தார்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அந்த அக்டோபரோடு அங்கே கையாள்வது நின்று, சரக்கு எண்ணூருக்குப் போனது. ஜார்ஜ் டவுனுக்கு விடிவு வந்தது, நல்லது. ஆனால் எண்ணூரில் இருப்பவனுக்கு நுரையீரல் இல்லையா? ஒரு ஊர் தூசியை ஏழை ஊரின் தலையில் இறக்கி வைப்பதைத் தீர்வு என்று நான் வகுப்பில் சொல்லித் தந்ததில்லை. இங்கே மூடி அந்த மலைக்கு அப்பால் ஒரு காலனிக்குப் பக்கத்தில் திறந்தால், பதிவு போட அங்கே ஒரு வாத்தியார்கூட இல்லாமல் போகலாம்.

"வெளிநாட்டுக் கதையெல்லாம் நமக்கு ஒத்து வருமா?" தென் கலிபோர்னியாவில் காற்றுத் தர நிர்வாகம், திறந்த குவியலுக்கு அனுமதித்திருக்கும் வழிகளில் ஒன்று இது: மூன்று பக்கமும் தடுப்பு, திறப்பு 50 சதவீதத்துக்கு மிகாமல், உயரம் குறைந்தது குவியலின் உச்சி வரை. இதில் ராக்கெட் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? இரும்புத் தூண், உறுதியான வலைத்துணி அல்லது ஓட்டை போட்ட தகடு, ஆடிக் காற்றைத் தாங்கும் அஸ்திவாரம். காற்றாலையைத் தூக்கி நிறுத்திய மாவட்டத்துக்கு ஒரு வேலியை நிறுத்தத் தெரியாதா?

வேலி ஒன்றே எல்லாம் செய்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். கல்லை உடைக்கும் வாயில் கிளம்பும் தூசிக்கு மூடியும் தண்ணீர்த் தெளிப்பும்தான் மருந்து. உள்ளே வேலை செய்பவனுக்கு நல்ல முகக்கவசமும் வருடா வருடம் நெஞ்சுப் பரிசோதனையும் வேண்டும். தார்ப்பாய் போடாமல் ஓடும் டிப்பரை வேலி தடுக்காது. ஆனால் இரவும் பகலும், ஆலை ஓடாத நாளிலும், காற்று அடித்தாலே கிளம்பும் குவியல் தூசிக்கு வேலியைப்போல் சம்பளம் கேட்காத காவல்காரன் வேறு இல்லை.

பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் என்றதும் நம் மாவட்டமே எழுந்து பேசியது. மலைக்கு என்ன ஆகும், தூசிக்கு என்ன வழி என்று டீக்கடை டீக்கடையாகக் கேள்வி கேட்டோம். கேட்டது நம் உரிமை. வராத ஒரு ஆய்வகத்தின் தூசிக்கு இருந்த குரல், வந்து வருடக்கணக்காக நம் துணிக்கொடியில் படியும் தூசிக்கு ஏன் இல்லை? காரணம் எனக்குத் தெரியும். அது தூரத்து ஆள். இது மாமன் மச்சான். கல்யாணத்தில் பக்கத்து இலையில் உட்காருகிறவனை எப்படிக் கேட்பது என்ற கூச்சம். கேட்க வேண்டியவனே அவன்தான். உறவு என்றால் உரிமை உண்டு.

ஆகவே வீட்டுப்பாடம்:

1. மே 1 கிராம சபையில் தீர்மானம் கொடுங்கள். குவியலுக்கு மேற்கிலும் தென்மேற்கிலும், குவியலைவிடத் தாழாத உயரத்தில், பாதியளவு திறப்புள்ள காற்று வேலி வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். "தூசியைக் கட்டுப்படுத்த வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் மறுபடியும் பச்சை வலைதான் வரும்.

2. குவியலின் உயரம் வேலியைத் தாண்டக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். வேலி போட்டுவிட்டு அதற்கு மேல் கொட்டுவது நம் ஆட்களுக்குக் கைவந்த கலை.

3. அந்த ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நிபந்தனைகள் அதில் இருக்கும். வரிக்கு வரி நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

4. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குத் தனி ஆளாகப் போகாதீர்கள். திராட்சைக்காரர், வாழைக்காரர், கிரஷர் தொழிலாளி என்று சேர்ந்து போங்கள்.

5. யார்டு வைத்திருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக: யாரும் கேட்பதற்கு முன்னால் நீ முதலில் போடு. போட்டுவிட்டு எனக்குச் சொல். நானே வந்து நின்று படம் எடுத்து, உன் பெயர் போட்டு, இதே பக்கத்தில் பாராட்டி எழுதுகிறேன்.

கோபப்படுகிறவர்கள் கமெண்டில் கோபப்படுங்கள், பதில் சொல்கிறேன். போன் செய்து "ஏன் சார் நமக்கு வம்பு" என்று மட்டும் கேட்காதீர்கள். மூச்சு விடுவது வம்பு என்றால் எனக்கு அந்த வம்பு வேண்டும்.

மே 1-க்குப் பிறகு யார் யார் ஊரில் தீர்மானம் நிறைவேறியது என்று இங்கேயே வருகைப் பதிவு எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்